கொடிக்குப் பின் ஒரு சுற்று

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை தோற்றார்கள். நடுவில் முக்கால் மணி நேரம்தான்.

போன வாரம் நாம் விட்டுவந்தது அந்த இடத்தில். இந்தப் பந்தயப் பருவத்தில் மொத்தம் எட்டுப் போட்டிகள். அது ஐந்தாவது. ஒரே ஓர் ஆள் உட்காரக்கூடிய, நான்கு சக்கரமும் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கார். அதை ஆணி ஆணியாகக் கழற்றி மாட்டித் தயார் செய்கிறவர் அப்பா. ஓட்டுகிறவன் தம்பி. அப்பா சொல்லும் எண்களை எழுதிவைப்பவள் அக்கா. முதலாவதாக வந்தான், கோப்பையைத் தூக்கினான். அம்மா கூடப் பிறந்த மாமா விசிலடித்தே தொண்டை கட்டிக்கொண்டார்.

பிறகு, வழக்கம்போல, முதல் மூன்று கார்களையும் ஓட்டியவரோடு சேர்த்து எடை மேடையில் ஏற்றினார்கள். ஐந்நூறு கிலோவுக்குக் குறையக் கூடாது. மூன்று கிலோ இருநூறு கிராம் குறைந்தது.

எடை குறைந்தால் கார் பறக்கும். அதனால் குறைத்தவனுக்கு அந்த மைதானத்தில் ஒரே பெயர்தான்.

"இத்தனை வருஷமா இப்படித்தான் திருடினீங்களா பெரியவரே?" என்று எதிரணி முதலாளி அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.  அப்பா தம்பி கையிலிருந்து கோப்பையை வாங்கினார். இடுப்பில் செருகியிருந்த துணியால் அதில் படிந்த விரல் தடங்களைத் துடைத்தார். போட்டி நடத்துகிறவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்று செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்கு விசாரணை.

*

"இன்னுமா நிறுத்துக்கிட்டு இருக்காரு?" என்று மாமா பட்டறை வாசலிலேயே நின்றார்.

"காலையிலிருந்து பதினேழாவது தடவை மாமா" என்றாள் அக்கா.

"விட்டா தராசுக்கு மயக்கம் வந்துடும்."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் சிரிப்பு மூட்டுகிற வேலையை மாமாதான் பார்த்துவந்தார். இன்று அவருக்கும் அது ஓடவில்லை.

காரின் நான்கு சக்கரங்களுக்கு அடியில் வைக்கிற நான்கு தட்டுத் தராசுகளைத் தரையில் பரப்பி, அளந்து நிரப்பிய தண்ணீர் கேன்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார் அப்பா. இருபது லிட்டர் வைத்தால் இருபது காட்டியது. நாற்பது வைத்தால் நாற்பது.

"தராசு சரியா இருக்கு" என்றார்.

"நல்லதுதானேப்பா."

"என்ன நல்லது? தராசு சரின்னா கண்ணு தப்பு." கேனைக் கீழே வைத்தார். "வியாழக்கிழமை இவனைக் கார்ல உக்கார வச்சு நாலு எண்ணையும் படிச்சது யாரு? நான். ஐநூறு கிலோ அறுநூறு கிராம்னு சொன்னது யாரு? நான். அதை நம்பித்தானே எடைக்காகக் கார் தரையில போல்ட் போட்டிருந்த ஈயத் தகட்டைப் போன போட்டி மாதிரியே விட்டேன்?"

"நானும்தானே பக்கத்துல நின்னு எழுதினேன்."

"நீ என் வாயைப் பாத்து எழுதுவே. தராசைப் பாக்க மாட்டே."

அது உண்மை. அப்பா சொன்ன எண்ணைச் சரிபார்ப்பது அந்தப் பட்டறையில் யாருக்கும் தோன்றியதில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். "எழுத்துப் பிழை இருந்தா திருத்திட்டு நல்லா எழுதிக் கொடு."

அக்கா படித்தாள். எடை குறைந்ததற்கு நான் ஒருவனே பொறுப்பு. கார் ஓட்டியவருக்கோ மற்றவர்களுக்கோ இது தெரியாது. இன்று முதல் இந்த அணியின் காரிலோ வேறு எந்தப் பந்தயக் காரிலோ நான் கை வைக்க மாட்டேன்.

பிழை எதுவும் இல்லை.

"கடைசி வரி எதுக்குப்பா? அவங்க கேக்கவே இல்லியே."

"மூணு கிலோ தெரியாத கண்ணு, நாளைக்கு பிரேக் குழாய்ல விரிசல் இருந்தா மட்டும் பாத்துடுமா? ஓட்டறது உன் தம்பி."

"அப்ப காரை யாரு பாக்கறது?"

"மச்சான் இருக்கான்."

"அத்தான்!" என்று அலறினார் மாமா. "எனக்கு டயரை உருட்டத் தெரியும், பெட்ரோல் ஊத்தத் தெரியும். அதுலயும் பாதி கால்ல ஊத்திப்பேன்!"

அப்பா கேன்களின் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப் போய்விட்டார். நடையில் அவசரமே இல்லை. அதுதான் அக்காவைப் பயமுறுத்தியது.

*

மாடியில் அவளுடைய தையல் அறை. பந்தய உடைகள் தைப்பதும் திருத்துவதும்தான் அவள் தொழில். நெருப்பு தாங்குகிற துணி, நெருப்பு தாங்குகிற நூல். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திறக்கப்படாமல் மூலையில் கிடந்த தம்பியின் பையை இழுத்தாள். விசாரணைக்குப் போகிற நாளில் துவைக்கிற வேலை அவசரமில்லை. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

உடை, தலையுறை, கையுறை, காலுறை. அடியில் முழங்கை மெத்தை இரண்டு. ஒன்றைத் தூக்கினாள். எதிர்பாராத கனம்.

உள்ளே ஈயப் பட்டைகள். சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக ஓரத்தில் ஒட்டுவார்களே, அந்தப் பட்டைகள். வரிசையாக அடுக்கி, வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றி, காலில் கட்டுகிற மாதிரி வளைத்திருந்தது. பிளாஸ்திரியின் உள்பக்கத்தில் சுருட்டைச் சுருட்டையாகக் கறுப்பு மயிர்.

இரண்டாவது மெத்தையிலும் அதேதான்.

துணி நிறுக்கும் தராசில் வைத்தாள். இரண்டும் சேர்ந்து நாலு கிலோ.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெல்ல அந்த உடையை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். இடுப்பைச் சுருக்கிப் பிடித்த அவள் கைத் தையல், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வரி. நாலாவது போட்டிக்கு முன் ஒரு தடவை. ஐந்தாவதுக்கு முன் இன்னொரு தடவை. 'என்னடா, இடுப்பு கொடி மாதிரி ஆயிட்டு வருது, யாருக்காக?' என்று கிண்டல் வேறு செய்திருந்தாள்.

வியாழக்கிழமை உடையைப் பிடித்துத் தைத்தவள், அதே கையால், அதே நாள், தம்பியின் எடை எழுபத்தொன்று என்று எழுதினாள். போன மாதமும் எழுபத்தொன்று. அதற்கு முன்னாலும் எழுபத்தொன்று.

*

தம்பி தன் அறையில் தரையில் உட்கார்ந்து தலைக்கவசத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"நான் வரலக்கா. தலை வலிக்குது. அப்பாவே பேசிக்குவாரு."

அவள் இரண்டு மூட்டைகளையும் அவன் முன்னால் போட்டாள். அவன் நிமிரவில்லை. அந்தச் சத்தமே போதுமாக இருந்தது.

"என்னடா இது?"

"டயர் பட்டை."

"டயருக்குக் கால் முடி எப்படா முளைச்சுது?"

அவன் கண்ணாடியை இன்னும் வேகமாகத் துடைத்தான்.

"சரி, வேற கேக்கறேன். ஞாயித்துக்கிழமை கொடி ஆட்டினப்புறம், மெதுவா ஒரு சுத்து வருவீங்களே, அதுல நீ மட்டும் பாதையை விட்டு ஓரமாவே வந்தே. ஜெயிச்ச மப்புல ஓட்டறான்னு மாமா சொன்னாரு. ஓரத்துல என்ன இருக்கும்?"

"ரப்பர் துணுக்கு."

"டயர் சூடா இருந்தா?"

"ஒட்டும்."

"ஒட்டினா?"

"எடை ஏறும்." குரல் தரையைப் பார்த்து வந்தது.

"அப்ப கார் எடை குறையும்னு உனக்கு அப்பவே தெரியும். மேடையில ஏறி, கோப்பையைத் தூக்கி, எல்லாம் தெரிஞ்சே சிரிச்சிருக்கே."

அவன் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினான். "ரெண்டாவது போட்டில கார் தலைகீழாப் போச்சில்ல."

"போச்சு. உனக்கு ஒண்ணும் ஆகலியே. கீறல் கூட இல்லன்னு டாக்டர் சொன்னாரு."

"கீறல் இல்ல. அன்னிலிருந்து சோறு இறங்கல. போட்டி வாரம் வந்துட்டா தண்ணி கூட நிக்க மாட்டேங்குது. நாலு கிலோ போயிடுச்சுக்கா. வியாழக்கிழமை எடை பாக்கறப்போ தெரிஞ்சுடுமேன்னு கால்ல கட்டினேன். போட்டியிலயும் கட்டிக்கிட்டே ஓட்டினேன். மூணாவதுலயும் நாலாவதுலயும்."

"ஐயோ!"

"ஞாயித்துக்கிழமை போட்டிக்கு முன்னாடி வாந்தி எடுத்துட்டு நிமிர்ந்தா, வேர்வையில பிளாஸ்திரி வழுக்கி ஒண்ணு கணுக்காலுக்கு வந்துடுச்சு. பிரேக்குக்கு அடியில விழுந்தா என்ன ஆறது? ரெண்டையும் அவுத்துட்டேன். திரும்பக் கட்டறதுக்குள்ள மாமா கதவைத் தட்டிட்டாரு. முதல் மூணு பேரைத்தானே நிறுப்பாங்க, நாலாவதா வந்துடலாம்னு போனேன்."

"நாலாவதா வரப்போனவன் எப்படிடா முதலாவதா வந்தே?"

"முன்னாடி ரெண்டு பேரும் இடிச்சுக்கிட்டாங்க. மூணாமத்தவன் அதுல மாட்டிக்கிட்டான். எனக்குப் பின்னாடி வந்தவன் அரை சுத்து தூரத்துல இருந்தான். நிறுத்திடலாம்னுதான் பாத்தேன். எதைச் சொல்லி நிறுத்தறது?"

வேறு எந்த நாளானாலும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

"நாலு கிலோ குறைஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பா இன்னொரு ஈயத் தகட்டை வச்சு ரெண்டு போல்ட்டை முறுக்கியிருப்பாரு. அஞ்சு நிமிஷ வேலைடா!"

"ஏன் குறைஞ்சுதுன்னு கேப்பாரே."

"கேட்டா?"

"என்னன்னு சொல்றது? காரோட ரெண்டு பக்கமும் 'புயல்'னு மாமா பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காரு. புயலுக்குப் பயமா இருக்குன்னா சொல்றது?"

"ஓஹோ. உன்னைப் பயந்தவன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது. அப்பாவை ஊரே திருடன்னு சொல்லலாம். அப்படித்தானே?"

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

சொல்லிவிட்டு, அக்காவும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இடுப்பை இரண்டு தடவை பிடித்துத் தைத்தவள் அவள். அப்பா தராசைச் சரியாகத்தான் படித்தார், அவள்தான் தம்பியைப் படிக்கவே இல்லை.

"கீழ அவரு எழுதி வச்சிருக்கறதைப் பாத்தியா? இனிமே எந்தக் கார்லயும் கை வைக்க மாட்டேன்னு எழுதியிருக்காரு. கண்ணு போச்சுன்னு நம்பிட்டாருடா. நாலு மணிக்குக் கையெழுத்து."

கைகளுக்குள்ளிருந்தே அவன் சொன்னான். "நானே சொல்றேன். நீ சொல்லிடாதே."

"எப்போ?"

"வழியில."

*

வழியில் அவன் சொல்லவில்லை.

வேனை அப்பா ஓட்டினார். நடுவில் அக்கா, ஜன்னல் ஓரம் தம்பி. டயர் போடுகிற பின்பகுதியில் மாமா. முதல் சிக்னலில் அக்கா தம்பியின் காலை மிதித்தாள். இரண்டாவது சிக்னலில் இன்னும் பலமாக மிதித்தாள். அவன் வாயைத் திறந்த சமயம் அப்பாவே பேசினார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. உன் மேல ஒரு சொல் விழாம நான் பாத்துக்கறேன்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. அப்புறம் மிதித்துப் பயனில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது.

போட்டி நடத்துகிறவர்களின் அலுவலகத்தில் ஒரு நீண்ட மேஜை. அதற்குப் பின்னால் தலைமைப் பரிசோதகர் அம்மாள். எதிர்ச் சுவரோரம், காலுக்கு மேல் கால் போட்டு, எதிரணி முதலாளி. மாமா வாசலோடு நின்றுவிட்டார்.

"மூணு கேள்வி அனுப்பியிருந்தோம்" என்றார் அந்த அம்மாள். "ரெண்டுக்கு உங்க தாள்ல பதில் இருக்கு. மூணாவது, கொடிக்கு அப்புறம் வர்ற சுத்துல கார் ஏன் பாதையை விட்டு வந்துது? எடை குறைவுன்னு முன்கூட்டியே தெரிஞ்சவங்கதான் அப்படி ரப்பர் பொறுக்குவாங்க."

"சின்னப் பையன். ஜெயிச்ச சந்தோஷம்" என்றார் அப்பா.

"இருபத்து நாலு வயசு சின்னப் பையன்" என்றது சுவரோரக் குரல்.

அப்பாவின் காதுமடல் சிவந்தது. அறுபத்திரண்டு வயதில் அவர் சொன்ன முதல் மழுப்பல் அதுவாகத்தான் இருக்கும். அது அவர் வாய்க்குப் பொருந்தவே இல்லை.

"சரி, கீழ கையெழுத்துப் போடுங்க."

அப்பா பேனாவை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிறகு கிட்டே கொண்டுவந்தார். கையெழுத்துப் போட வேண்டிய கோடு எது என்று தேடினார். கண்ணாடி போட்டால் ஓர் எண்ணையும் தப்பவிடாத மனிதர், தன் கண் கெட்டுவிட்டது என்று நம்பி, குருடரைப் போலத் தாளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, போடாதீங்க."

தம்பி எழுந்து நின்றான். குனிந்து கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினான். இரண்டு கெண்டைக்காலிலும் வளையமாக மயிர் பிய்ந்து, தோல் சிவந்து, தடித்துப் போயிருந்தது.

"இங்க கட்டியிருந்தேன்" என்றான். "ஈயம். அப்பா படிச்ச எண்ணு சரி. நான்தான் பொய்யா உக்காந்திருந்தேன்."

மூன்றாவது போட்டி, நாலாவது போட்டி, வழுக்கின பிளாஸ்திரி, ரப்பர் துணுக்கு. எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த அம்மாள் அதைத்தான் கேட்டார்.

"எடை குறைஞ்சதை எதுக்கு மறைக்கணும்? உடம்புக்கு என்ன?"

தம்பி சுருட்டிய காலோடு நின்றான். சுவரோரம் நாற்காலி கிரீச்சிட்டது. எதிரணி முதலாளி காலைக் கீழே இறக்கி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பயம்" என்றார் அப்பா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"அவனுக்குப் பயம் மேடம். ரெண்டாவது போட்டிக்கு அப்புறம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எடை குறைஞ்சது தெரியாது. ஈயம் கட்டினது தெரியாது. ஆனா போட்டிக்கு முன்னாடி உள்ள போய் வாந்தி எடுப்பான், அது தெரியும். சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு டயருக்குக் காத்தடிக்கிற மிஷினை ஓட விட்டுடுவேன். மூணு போட்டியிலயும் நான்தான் ஓட விட்டேன்."

தம்பி அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் கார்ல ஏத்தினீங்க?"

அப்பா பேனாவை உருட்டினார். "ஏத்தாம விட்டா என் பிள்ளை பயந்துட்டான்னு ஆயிடும்னு நெனச்சேன். அவனுக்காகத்தான் நெனச்சேன்னு சொல்லிக்கிட்டேன். அவனுக்காக இல்ல."

பேனாவை மேஜை மேல் வைத்தார். 

*

தீர்ப்பு பத்து நிமிடத்தில் வந்தது. உடம்பில் கட்டிய ஈயம் காரின் எடையில் சேராது. மூன்று, நான்கு, ஐந்து என மூன்று போட்டிகளின் புள்ளிகளும் போயின. பருவப் பட்டியலில் கடைசி இடம். அப்பா மேல் இருந்த குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. அவர் எழுதிய தாளை அந்த அம்மாள் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அடுத்த போட்டிக்குப் பேர் கொடுக்க நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு. டாக்டர் சான்று வேணும்" என்று ஒரு படிவத்தை நகர்த்தினார்.

படியிறங்கும்போது எதிரணி முதலாளி ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "மன்னிச்சுக்குங்க பெரியவரே. திருட்டுன்னு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். பையனுக்கு இப்படின்னு எனக்குத் தெரியாது. பாவம்."

திருடன் என்று கேட்டபோது நிமிர்ந்து நின்ற அப்பா, பாவம் என்றதும் குனிந்துவிட்டார். அதைத் தம்பியும் பார்த்தான். அக்காவும் பார்த்தாள்.

"அத்தான், அந்த ஆளை ஒரே ஒரு தடவை டயரால இடிச்சுட்டு வந்துடவா?" என்றார் மாமா. "உருட்டத் தெரியும்னு சொன்னேன்ல?"

"வண்டியில ஏறு" என்றார் அப்பா.

நால்வரும் ஏறினார்கள். அப்பா சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடியது. வண்டி நகரவில்லை. அவர் படிவத்தை அக்காவின் மடியைத் தாண்டித் தம்பியிடம் நீட்டினார். கார் எண், அணியின் பெயர் எல்லாம் அச்சடித்திருந்தது. ஓட்டுநர் பெயர் என்ற கட்டம் மட்டும் காலி. இத்தனை வருடமும் அந்தக் கட்டத்தை நிரப்பியது அப்பாதான், தம்பியைக் கேட்காமலே.

"யாரு பேரு?"

"தெரியலப்பா."

"ஓட்டறியா, வேண்டாமா?"

"தெரியல. ஓட்டணும்னும் இருக்கு. நெனச்சா வயித்தைப் பிரட்டுது. ரெண்டும் சேந்தே இருக்கு. நிஜமாவே தெரியல."

 அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இப்போது ஒரு முடிவு சொல்லிவிடுவார், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள், நாளை மத்தியானத்துக்குள் அந்தக் கட்டம் நிரம்பிவிடும். அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

அப்பா கை நீட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது.

"சரி" என்றார். "நான் எழுத மாட்டேன். உனக்குத் தெரியற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்போம்."